பொத்தான் கேள்வி

ஊசி போடுபவள் நான் அல்ல.
பக்கத்து அறையில் படிவத்தோடு உட்கார்ந்து
கேள்வி கேட்பவள்.
பதினான்கு நாளுக்கொருமுறை, அதே வரிசையில்:
விரல்கள் மரத்துப்போகின்றனவா?
தண்ணீர் குடித்தால் தொண்டை அடைக்கிறதா?
சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா?
பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று.
ஓர் எண்ணைச் சுழித்துவிட்டு
அடுத்தவரை அழைப்பேன்.

ஓலு நகரத்தில் ஜனவரி.
வெளியே மைனஸ் இருபத்து நான்கு.
குளிர் பட்டால் மின்சாரமாய்க் குத்தும் மருந்தை
இந்த ஊரில் வைத்தா சோதிக்கிறீர்கள் என்று
முதல் நாளே கேட்டவர் ஹெல்வி கோர்த்தெலைனென்.
அறுபத்திரண்டு வயது.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.

நவம்பரில் அவர் பெருங்குடலில்
முப்பத்தோரு சென்டிமீட்டரை வெட்டி எடுத்தார்
டாக்டர் புர்சியாய்னென்.
ஒட்டிவந்த கொழுப்பை எஃகு மேசையில் பரப்பி
கண்ணை மூடிக்கொண்டு துழாவினான் துவோமோ.
நிணநீர்க் கணு கண்ணுக்குச் சிக்காது,
விரலுக்குத்தான் சிக்கும் என்பான்.
பயறளவில் பத்தொன்பது.
அவற்றில் இரண்டில் இருந்தது.

அந்த இரண்டுக்காகத்தான் பிளாட்டினம்.
"என் வீட்டுக்காரர் முப்பது வருஷத்தில்
வெள்ளி மோதிரத்தைத் தாண்டவில்லை.
நீங்கள் ரத்தத்திலேயே பிளாட்டினம் ஏற்றுகிறீர்கள்"
என்று சிரித்தார்.
அப்போது சிரிக்க முடிந்தது.

மூன்று மாதமா, ஆறு மாதமா?
ஆய்வின் மொத்தக் கேள்வியே இதுதான்.
யாருக்கும் விடை தெரியாது,
அதனால் யாரையும் தேர்ந்தெடுக்க விடவில்லை.
கணினி காசு சுண்டியது.
ஹெல்விக்கு ஆறு.

ஏழாம் சுற்றுக்குள்
குளிர்பெட்டியைத் திறக்கவும் கையுறை.
கார்ச் சாவி முள்ளாகிவிட்டது.
இருபது குளிர்காலம், விடியுமுன்னே
உறைந்த கடலில் வெட்டிய துளைக்குள்
ஏணி வழி இறங்கி நீந்தியவர்.
இப்போதும் போகிறேன் என்றார்.
போய்?
"நின்று பார்ப்பேன்.
இறங்குபவர்களின் துண்டுகளைப் பிடித்துக்கொள்வேன்."

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
தணிக்கைக்கு வந்தவர் அழிக்கச் சொன்னார்.
அழித்தேன்.

ஒன்பதாம் சுற்றில் பொத்தான்: இரண்டு.
பதினொன்றில்: மூன்று.
அன்று அவர் அணிந்து வந்தது
தலைவழியே மாட்டும் கம்பளிச் சட்டை.

ஆறு வருடம் கழித்து முடிவு வந்தது.
வரைபடத்தில் இரண்டு கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி
வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போகின்றன.
எங்கே பிரிகின்றன என்று பார்க்க
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
ஒவ்வொரு படியிறக்கமும் ஒரு மரணம்.
சிலரின் குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.
ஹெல்வியைப் போன்றவர்களுக்கு
மூன்று மாதமே போதுமாம்.

தொலைபேசியில் சொன்னேன்.
அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து அடங்கியது.
"அப்படியானால் மிச்ச மூன்று மாதம்?"
நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்:
"அது உங்களுக்குத் தேவைப்பட்டது. எனக்கில்லை."
கோபமில்லை.
பாரத்தை மெதுவாகத் தரையில் இறக்கும்
கிரேன்காரியின் குரல்.
பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவராய்,
போன வருஷமே மறுபடி இறங்கிவிட்டேன் என்றார்.
ஏணிப் படி எங்கே என்று பாதத்துக்குத் தெரியாது.
எண்ணித்தான் இறங்குகிறாராம்.
ஏழு படி.
எட்டாவது தண்ணீர்.

நேற்று ஒஸ்ஸி லெஹ்தோவாரா வந்தான்.
முப்பத்தெட்டு வயது, ஒரே கணு.
மூன்று மாதம் என்றதும்
என் மாமாவுக்கு ஆறு கொடுத்தார்களே,
இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டான்.
பெயர் நாக்கு நுனிவரை வந்தது.
சொல்லக் கூடாது;
கோப்பில் அவர் ஒரு நான்கு இலக்க எண்.
"நிறைய பேர்" என்றேன்.

அவன் ஐஸ் ஹாக்கி பற்றிப் பேசிக்கொண்டே
சட்டையை மாட்டினான்.
மேலிருந்து கீழாக ஐந்து பொத்தான்,
ஒற்றைக் கையால்.
ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.